பால் பல்லில் பெரிய சொத்தை: சிமென்டா, சில்வர் கேப்பா, வெள்ளை கேப்பா?

நாலரை வயதுக் குழந்தை. கீழ்க் கடைவாயில் இரண்டு பற்களுக்கு நடுவே சோறு மாட்டிக்கொள்கிறது என்று பல் டாக்டரிடம் காட்டப் போகிறீர்கள். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சீட்டில் 74, 75 என்று எழுதி மூன்று கட்டணம் சொல்கிறார்: சிமென்ட் அடைப்பு ஒன்று, சில்வர் கேப் ஒன்று, வெள்ளை கேப் ஒன்று. வீட்டுக்கு வந்தால் பாட்டி, "விழப்போற பல்லுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" என்கிறார்.

பாட்டி கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் பதில் பல்லுக்குப் பல் மாறும். அதற்கு முதலில் சீட்டில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். முதல் இலக்கம் வாயின் கால் பகுதியைச் சொல்லும்: 5 என்றால் மேல் வலது, 6 மேல் இடது, 7 கீழ் இடது, 8 கீழ் வலது. இரண்டாவது இலக்கம் பல்லைச் சொல்லும்: 1, 2 முன்பற்கள், 3 கோரைப் பல், 4 முதல் கடைவாய்ப் பல், 5 இரண்டாவது கடைவாய்ப் பல். ஆக, 75 என்றால் கீழ் இடது பக்கத்தின் இரண்டாவது கடைவாய்ப் பால் பல்.

## பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அந்தப் பல் இன்னும் எத்தனை வருடம் இருக்க வேண்டும்? கீழ் நடு முன்பற்கள் 6–7 வயதில் விழும். மேல் முன்பற்கள் 7–8 வயதில். முதல் கடைவாய்ப் பால் பற்கள் 9–11 வயதிலும், இரண்டாவது கடைவாய்ப் பால் பற்கள் 10–12 வயதிலும் விழும். நாலரை வயதில் 75-க்கு இன்னும் ஐந்தரை வருடத்துக்குக் குறையாத வேலை இருக்கிறது. அதுவும் மெல்லும் வேலை மட்டும் இல்லை. ஆறு வயதில் அதன் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல், இந்த 75-இன் முதுகை ஒட்டித்தான் தன் இடத்துக்கு வருகிறது. அதே குழந்தைக்கு 71-இல் சொத்தை என்றால், பாட்டி சொல்வதில் பாதி உண்மை உண்டு.

எத்தனை சுவர் போயிருக்கிறது? முடிவைத் தீர்மானிப்பதில் இதற்குத்தான் முதல் இடம். கடைவாய்ப் பல்லின் மேல்பரப்பில் மட்டும் குழி என்றால், நான்கு பக்கமும் சுவர் உள்ள தொட்டி மாதிரி. எதை ஊற்றினாலும் நிற்கும். பக்கத்துப் பல்லை ஒட்டிய சுவர் அரித்துப் போயிருந்தால், அது ஒரு பக்கம் இடிந்த தொட்டி. பால் பற்களில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம் ஏமாற்றும். இரண்டு கடைவாய்ப் பால் பற்களும் ஒரு புள்ளியில் தொடுவதில்லை, அகலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடுக்கில் பிரஷ் போகாது. சொத்தை உள்ளே பெருகி, மேல் விளிம்பு ஒரு நாள் உடைந்து விழும்போதுதான் வெளியே தெரியும். அதற்குள் நரம்பு வரை போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

நரம்பு என்ன நிலையில் இருக்கிறது? பால் பல்லின் எனாமல் சுமார் 1 மில்லிமீட்டர் கனம்தான், நிரந்தரப் பல்லில் பாதி. பல்லின் அளவோடு பார்த்தால் நரம்பு அறை பெரியது. அதன் முன்பக்கக் கொம்பு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். இனிப்போ ஐஸ்கிரீமோ பட்டால் ஒரு நொடி கூசிவிட்டு அடங்கினால் நரம்பு இன்னும் மீளக்கூடியது. இரவில் தானாக வலித்து எழுந்து அழுதால், ஈறில் சீழ்க் கொப்புளம் வந்திருந்தால், பல் ஆடினால், மேலே எதை வைத்து மூடினாலும் வேலைக்கு ஆகாது. முதலில் நரம்புச் சிகிச்சை, அல்லது பிடுங்குவது. பொருள் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

குழந்தை எவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்திருக்கும்? பத்து நிமிடமா, நாற்பது நிமிடமா? விலையுயர்ந்த பொருள்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எச்சிலும் ஈறு ரத்தமும் பட்டால் ஒட்டாத பொருளை, துள்ளுகிற குழந்தையின் வாயில் வைப்பது மழையில் சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி.

வாய் முழுக்க எப்படி? ஒரே ஒரு பல்லில் சொத்தை என்பது வேறு. இரவில் பால் புட்டியோடு தூங்கி எட்டுப் பற்களில் சொத்தை என்பது வேறு. இப்படி எட்டுப் பல் கெட்ட குழந்தைக்கு, அடைத்த பல்லிலேயே அடைப்பின் ஓரத்தில் அடுத்த சொத்தை வரும்.

நிறத்தைக் கடைசியில் வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் முதல் கேள்வியே அதுதான் என்று தெரிந்தும் சொல்கிறோம்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | நன்றாக நிற்கும் இடம் | நாற்காலியில் நேரம் | எச்சில், ரத்தம் பட்டால் | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|
| ஜி.ஐ.சி. (கிளாஸ் அயனோமர்) சிமென்ட் | மேல்பரப்புக் குழி, ஈறோரக் குழி | 10–15 நிமிடம் | ஓரளவு தாங்கும் | பக்கச் சுவர் போன பல்லில் உடைந்து விழும் |
| காம்போசிட் (பல் நிற ரெசின் அடைப்பு) | சிறிய, நடுத்தரக் குழி; முன்பல் | 30–40 நிமிடம் | தாங்காது | ஓரத்தில் கசிவு, மறு சொத்தை |
| ஸ்டீல் (சில்வர்) கேப், வழக்கமான முறை | இரண்டு, மூன்று பக்கம் போன கடைவாய்ப் பல். நரம்புச் சிகிச்சை செய்த பல் | 30 நிமிடம் வரை | நன்றாகத் தாங்கும் | நிறம். சரியாகப் பொருந்தாவிட்டால் ஈறு வீக்கம் |
| ஸ்டீல் கேப், ஹால் முறை (சொத்தையை எடுக்காமல் ஒட்டுவது) | நரம்பு நல்ல நிலையில் உள்ள கடைவாய்ப் பல் | 10–15 நிமிடம், இரண்டு வருகை | நன்றாகத் தாங்கும் | சில வாரம் கடி உயரமாக இருக்கும் |
| ஜிர்கோனியா (வெள்ளை) கேப் | முன்பல். நன்றாக உட்காரும் குழந்தையின் கடைவாய்ப் பல் | 40 நிமிடத்துக்கு மேல் | ஒட்டும்போது தாங்காது | அதிகம் செதுக்க வேண்டும். விலை பல மடங்கு |
| எஸ்.டி.எஃப். (வெள்ளி டயமின் ஃபுளோரைடு) மருந்து | சொத்தையை நிறுத்தி வைக்க | சில நிமிடம் | ஓரளவு தாங்கும் | சொத்தை இடம் கறுக்கும். குழி மூடாது |

## ஜி.ஐ.சி. சிமென்ட்

கண்ணாடித் தூளும் பாலிஅக்ரிலிக் அமிலமும் கலந்து செய்வது. 1972-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்சனும் கென்ட்டும் வெளியிட்ட கண்டுபிடிப்பு. பல்லோடு ரசாயனமாக ஒட்டும், ஃபுளோரைடைக் கசியவிடும், தனியாகப் பசை வேண்டாம், நீல விளக்கு வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

பலவீனம், உறுதியில். மேல்பரப்புக் குழியில் வைத்தால் இரண்டு வருடம் கழித்துப் பார்க்கும்போது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிற்கிறது. பக்கச் சுவர் போன பால் பல்லில் கைக்கருவியால் சுரண்டி இதே சிமென்டை வைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், அதே இரண்டு வருடத்தில் நிற்பது சுமார் 65 சதவீதம். அதாவது மூன்றில் ஒன்று போய்விடுகிறது. நாலரை வயதில் வைத்த அடைப்பு ஆறரை வயதில் விழுந்து, திரும்ப வைத்து, எட்டரையில் மறுபடி என்றால், அது மலிவான வழி ஆகாது.

வைக்கும் விதத்திலும் நிறைய இருக்கிறது. 'டைப் 9' என்று பல் டாக்டர்கள் சொல்லும் கெட்டியான வகைதான் கடைவாய்க்கு ஏற்றது. கேப் ஒட்டும் மெல்லிய வகையை அடைப்பாக வைத்தால் சீக்கிரம் தேயும். குழியின் ஓரங்களில் ஒரு துளிச் சொத்தையும் இருக்கக்கூடாது. ஆழத்தில், நரம்புக்கு மேலே உள்ள மென்மையான அடுக்கைக் கொஞ்சம் விட்டுவிடலாம். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஆழத்தைத் தோண்டி நரம்பைத் தொட்டுவிட்டு, ஓரத்தில் சொத்தையை விட்டுவிடுகிறார்கள். ஓரம் சுத்தமாக இல்லாவிட்டால் சிமென்ட் எதில் ஒட்டும்?

கலந்த சிமென்ட் மினுமினுப்பாக இருக்கும்போதே குழிக்குள் போக வேண்டும். மினுப்பு மங்கிவிட்டால் ஒட்டும் சக்தி போய்விட்டது என்று அர்த்தம். அதை வீணாக்கிவிட்டுப் புதிதாகக் கலப்பதுதான் சரி. வெப்பம் கூடினால் இது வேகமாக இறுகும். மே மாதச் சென்னையில் ஏ.சி. இல்லாத அறையில் கலக்கும் நேரமே சுருங்கிவிடும். தூளைக் குறைத்து நீர்க்கக் கலந்தால் வேலை எளிது, ஆனால் உறுதி போகும். வைத்தபின் வாஸ்லின் அல்லது வார்னிஷ் தடவி ஈரத்திலிருந்து காக்க வேண்டும். குழந்தை ஒரு மணி நேரம் எதையும் மெல்லக்கூடாது. முறுக்கு, கடலை மிட்டாய் அன்றைக்கு வேண்டாம்.

இதிலேயே ரெசின் கலந்து, நீல விளக்கில் இறுகும் வகை ஒன்று உண்டு. சாதாரண ஜி.ஐ.சி.யைவிட உறுதியானது. பக்கச் சுவரில் சிறிய சொத்தை, பல் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் விழப்போகிறது என்றால் நல்ல நடுவழி.

## காம்போசிட்

பல் நிறத்திலேயே வரும். முன்பல்லுக்கு மிக அழகு. நல்ல கைகளில், நன்றாக ஒத்துழைக்கும் குழந்தையிடம், கடைவாயிலும் நிற்கும். ஆனால் 'நல்ல', 'நன்றாக' என்ற இரண்டு சொற்களிலும் நிபந்தனை ஒளிந்திருக்கிறது.

செய்முறையைப் பார்த்தால் புரியும். குழியைச் சுத்தம் செய்து, 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 நொடி வைத்துக் கழுவ வேண்டும். காற்றடித்துக் காயவைத்து, பசை தடவி விளக்கு காட்ட வேண்டும். பிறகு 2 மில்லிமீட்டர் அடுக்காகப் பொருளை வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் சுமார் 20 நொடி விளக்கு. இந்த முழு நேரத்திலும் ஒரு சொட்டு எச்சில் உள்ளே போகக்கூடாது. அதற்குத்தான் பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற தாளை மாட்டுகிறார்கள். அது இல்லாமல், பஞ்சை மட்டும் வைத்துக்கொண்டு கடைவாயில் காம்போசிட் போடுவதாகச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

பக்கச் சுவர் சொத்தையில் குழியின் அடிப்பகுதி ஈறை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். அங்கே எனாமல் மிகவும் மெல்லியது. சொத்தை இருந்த ஈறு ஏற்கெனவே சிவந்து வீங்கியிருப்பதால் லேசாகத் தொட்டாலே ரத்தம் வரும். ரத்தம் படிந்த இடத்தில் பசை ஒட்டாது. காம்போசிட் இறுகும்போது கன அளவில் 2–3 சதவீதம் சுருங்கும். ஒட்டாத ஓரத்திலிருந்து விலகி முடியளவு இடைவெளி விடும். மேலே இருந்து பார்த்தால் பளபளப்பாக இருக்கும். ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் அடியில் கறுப்பு நிழல் தெரியும்.

நரம்புச் சிகிச்சையில் யூஜினால் கலந்த துத்தநாகப் பேஸ்ட் பயன்படுத்தியிருந்தால் இன்னொரு சிக்கல்: யூஜினால் காம்போசிட்டைச் சரியாக இறுகவிடாது. நடுவே ஜி.ஐ.சி. அடுக்கு ஒன்று போட வேண்டும்.

## ஸ்டீல் கேப்: அழகில்லாத வெற்றியாளர்

1950-இல் குழந்தைப் பல் மருத்துவத்துக்கு வந்தது. ஒவ்வொரு கடைவாய்ப் பால் பல்லுக்கும் 2 முதல் 7 வரை ஆறு அளவுகளில் ஆயத்தமாகக் கிடைக்கிறது. ஆய்வகத்துக்கு அளவு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். நம் ஊரில் சில்வர் கேப் என்கிறார்கள். உண்மையில் இரும்பு, குரோமியம், நிக்கல் கலந்த ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்.

இது ஏன் நிற்கிறது? அடைப்பு குழிக்குள் உட்காருகிறது. கேப் பல்லையே வெளியிலிருந்து கட்டிப்பிடிக்கிறது. எத்தனை சுவர் போனாலும், ஈறுக்குக் கொஞ்சம் மேலே பல் மிஞ்சியிருந்தால் போதும். பல்லின் மற்ற பக்கங்களும் மூடப்படுவதால் அதே பல்லில் அடுத்த சொத்தை வருவதும் தடுக்கப்படுகிறது. நரம்புச் சிகிச்சை செய்த பால் பல் உள்ளே குடையப்பட்டு ஓடு மட்டும் மிஞ்சியிருக்கும். அதற்கு வெறும் அடைப்பு போட்டு அனுப்பினால், ஓடு பிளந்துகொண்டு திரும்பி வரும்.

வழக்கமான முறையில் மரப்பு ஊசி போட்டு, மேல்பரப்பை 1–1.5 மில்லிமீட்டர் செதுக்கி, பக்கத்துப் பல்லோடு ஒட்டும் இரு பக்கங்களையும் மெல்லச் சீவி, கேப்பின் விளிம்பை இடுக்கியால் வளைத்து, ஈறுக்குள் சுமார் 1 மில்லிமீட்டர் இறங்கும்படி ஜி.ஐ.சி.யால் ஒட்டுகிறார்கள்.

கெட்டுப்போவது எங்கே? விளிம்பைச் சரியாக வளைக்காவிட்டால் ஈறு சிவந்தே இருக்கும். வழிந்த சிமென்டை பற்களின் நடுவிலிருந்து எடுக்காமல் விட்டால் ஈறு வீங்கும். இரண்டாவது கடைவாய்ப் பல்லின் கேப், பின்பக்கம் பிதுங்கி நின்றால், ஆறு வயதுப் பல் அதன் விளிம்பில் மாட்டிக்கொண்டு முளைக்காமல் நிற்கும். இதைக் கேப் போட்டதும் ஒரு எக்ஸ்ரேயில் பார்த்துவிடலாம்.

நிக்கல் ஒவ்வாமை உறுதியாகத் தெரிந்த குழந்தைக்கு இது வேண்டாம். வலிப்பு போன்ற காரணங்களால் அடிக்கடி தலை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய குழந்தை என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்டீல் இருக்கும் இடத்தைச் சுற்றிப் படம் சிதையும்.

## ஊசியும் டிரில்லும் இல்லாத ஹால் முறை

ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர், சொத்தையை எடுக்காமலேயே பல்லின் மேல் ஸ்டீல் கேப்பை ஒட்டி வந்தார். அவருடைய நோயாளிப் பதிவேடுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். முதலில் கேட்கும்போது அதிர்ச்சியாகத்தான் இருக்கும்: சொத்தையை உள்ளேயே வைத்து மூடுவதா? ஆனால் சொத்தைக் கிருமிக்கு இனிப்பும் மாவும் வேண்டும். சிமென்டும் கேப்பும் நன்றாக அடைத்துவிட்டால் அதற்கு உணவு போகாது. சொத்தை முன்னேறாமல் நின்றுவிடும்.

பிறகு ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் 132 குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே வாயில் ஒரு பல்லுக்கு ஹால் கேப், இன்னொரு பல்லுக்கு வழக்கமான அடைப்பு. ஐந்து வருடத் தொடர்ச்சியில் மிஞ்சியவர்களிடம், வலி, சீழ் போன்ற பெரிய தோல்வி ஹால் கேப்பில் 3 சதவீதம், அடைப்பில் 16.5 சதவீதம். அடைப்பு விழுவது, மறு சொத்தை போன்ற சிறிய தோல்வி கேப்பில் 5 சதவீதம், அடைப்பில் 42 சதவீதம்.

செய்யும் விதம் இது. முதல் வருகையில் பற்களுக்கு நடுவே ஆரஞ்சோ நீலமோ நிறத்தில் ஒரு ரப்பர் வளையத்தைச் செருகுகிறார்கள். மூன்று முதல் ஐந்து நாளில் அது கேப் நுழையும் அளவு இடம் பண்ணிக்கொடுக்கும். நடுவில் வளையம் விழுந்துவிட்டால் உடனே சொல்ல வேண்டும், இடம் மறுபடி மூடிக்கொள்ளும். இரண்டாவது வருகையில் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கேப் தொண்டைக்குள் நழுவாமல் இருக்க நாக்குப் பக்கம் துணித்துண்டு வைப்பார்கள். எல்லா முனைகளையும் மூடி, தள்ளினால் லேசாக ஸ்பிரிங் மாதிரி எதிர்க்கும் அளவில் சிறிய கேப்பைத் தேர்ந்தெடுத்து, உள்ளே சிமென்டை நிரப்பி, விரலால் அழுத்துவார்கள். பிறகு குழந்தையே கடிக்கும். ஈறு சில நிமிடம் வெளுத்து, பழைய நிறத்துக்குத் திரும்பும். வழிந்த சிமென்டைத் துடைத்து, நடுவே முடிச்சுப் போட்ட நூலை இழுத்துச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது.

அன்றிரவு குழந்தை, "பல்லு ஒசரமா இருக்கு" என்று சொல்லும். மற்ற பற்கள் சேராமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். பயப்பட வேண்டாம், சில வாரத்தில் கடி தானாகச் சமனாகும். முதல் இரண்டு நாள் இட்லி, தயிர் சாதம், ரசம் சாதம் கொடுங்கள்.

எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது. தானாக வலிக்கும் பல், சீழ்க் கொப்புளம் உள்ள பல், எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் நரம்புக்கும் நடுவே தெளிவான நல்ல பகுதி தெரியாத பல் ஆகியவற்றில் ஹால் கேப் போடுவது, அடுப்பை அணைக்காமல் மூடி போடுவதுதான். எக்ஸ்ரே இல்லாமல் இதைச் செய்யச் சம்மதிக்காதீர்கள்.

## ஜிர்கோனியா: வெள்ளைக்குக் கொடுக்கும் விலை

வெண்பீங்கான் கேப். பல் மாதிரியே தெரியும், நன்றாகச் செய்தால் உறுதியானது. விலை ஸ்டீல் கேப்பைவிடப் பல மடங்கு. ஆனால் பெற்றோருக்கு யாரும் சொல்லாத விலை பல்லில் இருக்கிறது.

ஸ்டீல் மெல்லிய தகடு, வளையும், அழுத்தினால் பல்லின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். ஜிர்கோனியா கனமானது, வளையாது. அதற்கு இடம் பண்ண மேல்பரப்பை 1.5–2 மில்லிமீட்டரும், சுற்றிலும் அரை முதல் ஒன்றேகால் மில்லிமீட்டர் வரையும் செதுக்கி, ஈறுக்குள்ளும் இறங்க வேண்டும். எனாமலே 1 மில்லிமீட்டர்தான் என்று மேலே சொன்னோம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நல்ல நரம்பு இந்தச் செதுக்கலில் வெளியே தெரிந்துவிடுவதும் உண்டு. பிறகு அதற்கும் சிகிச்சை, அதற்கும் பில்.

கேப் எந்த அழுத்தமும் இல்லாமல் தானாக உட்கார வேண்டும். இறுக்கித் தள்ளினால் விரிசல் விடும். எனவே ஹால் முறையில் இதைப் போட முடியாது. ஆழச் செதுக்கிய ஈறிலிருந்து ரத்தம் வரும். போட்டுப் பார்க்கும்போது உட்புறத்தில் எச்சிலோ ரத்தமோ பட்டுவிட்டால், அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் ஒட்டினால் பிடிமானம் குறையும். சொத்தையால் பல் உடைந்து, பக்கத்துப் பல் அந்த இடத்துக்குள் சாய்ந்திருந்தால், ஸ்டீலை இடுக்கியால் நசுக்கி ஒடுக்கலாம். ஜிர்கோனியாவை முடியாது, பல்லைத்தான் இன்னும் செதுக்க வேண்டும்.

அப்படியானால் எப்போது? மேல் முன்பற்கள் பல பக்கம் அரித்துப்போய், குழந்தைக்கு மூன்று வயது, விழ இன்னும் நாலு வருடம் என்றால் ஜிர்கோனியாவுக்கு நல்ல இடம். சிரித்தால் தெரியும் 54, 64-க்கும் பெற்றோர் விரும்பினால் போடலாம். 75, 85-க்கு வெள்ளை கேப் என்பது யாருக்காக? குழந்தை சிரித்தால் அது வெளியே தெரிவதே அபூர்வம். பள்ளியில் கேலி செய்வார்களே என்ற கவலையும் பெரும்பாலும் பெற்றோருடையது. சின்னக் குழந்தைகள் பலர் 'என் அயர்ன் மேன் பல்லைப் பார்' என்று வாயைத் திறந்து காட்டுகிறார்கள்.

## முன்பற்களுக்கு: ஸ்ட்ரிப் கேப்

கண்ணாடித்தாள் மாதிரி ஒளி ஊடுருவும் சின்ன அச்சுக்குள் காம்போசிட்டை நிரப்பி, பல்லில் வைத்து, விளக்கு காட்டி இறுக்கி, அச்சை உரித்தெடுப்பது. காற்றுக் குமிழி வெளியேற அச்சின் முனையில் ஊசியால் ஒரு துளை போடுவார்கள். அந்தத் துளையை மறந்தால் முனையில் ஓட்டை விழும். ஜிர்கோனியாவைவிட மலிவு, அழகும் நன்று. ஆனால் ஒட்டுவதற்கு ஈறுக்கு மேல் சுற்றிலும் எனாமல் இருக்க வேண்டும். ஈறு ரத்தம் வந்தால் நிறம் கெடும், ஒட்டாது. கடிக்கும்போது மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை முழுதாக மூடிக்கொள்ளும் ஆழக்கடி உள்ள குழந்தைக்கும், பல் நறநறக்கும் குழந்தைக்கும் உடைந்துவிடும்.

## எஸ்.டி.எஃப்.: அடைப்பதற்கு முன் நிறுத்துவது

38 சதவீத வெள்ளி டயமின் ஃபுளோரைடு. பல்லைக் காயவைத்து, சிறு தூரிகையால் சொத்தையில் தொட்டு ஒரு நிமிடம் ஊறவிடுவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். ஆய்வுகளில் சுமார் 80 சதவீதச் சொத்தைகள் நின்றிருக்கின்றன. ஜப்பானில் 1970-லிருந்து புழக்கத்தில் உள்ளது; ஜி.ஐ.சி. சேர்ந்த அதே 2021 பட்டியலில் இதுவும் சேர்ந்தது.

சொத்தையான இடம் மை மாதிரிக் கறுக்கும், அது போகாது. உதட்டில் பட்டால் பழுப்புக் கறை சில நாளில் போகும், சட்டையில் பட்டால் போகாது. குழி அப்படியே இருப்பதால் சாப்பாடு மாட்டுவதும் நிற்காது. வெள்ளி ஒவ்வாமை, வாயில் புண் இருந்தால் வேண்டாம்.

இதன் உண்மையான பயன் நேரம் வாங்குவது. இரண்டரை வயதுக் குழந்தையைக் கட்டிப்பிடித்து வேலை செய்வதைவிட, எஸ்.டி.எஃப். தடவி ஒரு வருடம் ஓட்டி, மூன்றரை வயதில் கேப் போடலாம். மேலே ஜி.ஐ.சி. வைத்து மூடும் வழியும் உண்டு.

## அமல்கம், பிடுங்குதல்

பாதரசம் கலந்த அமல்கத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2022-இல், 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, மருத்துவர் அவசியம் என்று கருதினால் ஒழிய, அதைத் தவிர்க்க முடிவு செய்தன. இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது.

பிடுங்குவது மலிவு போலத் தெரியும். கடைவாய்ப் பால் பல்லை ஐந்து வயதில் பிடுங்கினால், பக்கத்துப் பற்கள் காலியிடத்துக்குள் சாய்ந்து, அடியிலிருந்து வரும் நிரந்தரப் பல்லின் வழியை அடைக்கும். அதைத் தடுக்க 'பேண்ட் அண்ட் லூப்' என்ற இடம்காக்கும் கம்பி போட்டு, அது தளர்கிறதா என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். ஆறு வயதுப் பல் முளைக்கும் முன் 75 போனால், ஈறுக்குள் நீளும் கம்பி தேவைப்படும். அது இன்னும் தொல்லை. வேர் சீழால் கரைந்த பல்லுக்கும் ஈறு வரை சிதைந்த பல்லுக்கும் மட்டும் பிடுங்குவதே சரி.

## எந்த நிலைக்கு எது

4–6 வயது, கடைவாய், பக்கச் சுவரில் சொத்தை, வலி இல்லை: ஹால் முறையில் ஸ்டீல் கேப். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அதே பல், சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது, ஆனால் தானாக வரும் இரவு வலியோ சீழோ இல்லை: நரம்பின் மேல்பகுதியை மட்டும் எடுத்து, எம்.டி.ஏ. போன்ற மருந்து வைத்து, அன்றே ஸ்டீல் கேப். 'கேப் அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவதுதான் இந்தச் சிகிச்சை தோற்க வழக்கமான காரணம்.

மேல்பரப்பில் மட்டும் குழி: ஜி.ஐ.சி. அல்லது காம்போசிட். கேப் தேவையில்லை. ஒரு சின்னக் குழிக்குக் கேப் சொன்னால் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள்.

9 வயது, 74 லேசாக ஆடுகிறது: ரெசின் கலந்த ஜி.ஐ.சி., அல்லது ஒன்றும் செய்யாமல் கவனித்தாலும் போதும்.

எட்டுப் பத்துப் பற்களில் சொத்தை, முழு மயக்கத்தில் ஒரே நாளில் சிகிச்சை: கடைவாய் முழுக்க ஸ்டீல். இரண்டாவது முறை மயக்கம் கொடுக்க வேண்டிய நிலை வரக்கூடாது. உடையக்கூடிய பொருளுக்கு அங்கே இடமில்லை.

## கட்டணம் கேட்கும்போது

'கேப் எவ்வளவு?' என்று மட்டும் கேட்காதீர்கள். எக்ஸ்ரே, நரம்புச் சிகிச்சை, கேப், சிரிப்பு வாயு அல்லது மயக்கம் ஆகியவை தனித்தனியாகவா, சேர்த்தா? ஆறு மாதத்துக்குள் அடைப்பு விழுந்தால் மறு கட்டணம் உண்டா? அடைப்பு விழுவது பணத்தோடு நிற்பதில்லை: இன்னொரு நாள் லீவு, இன்னொரு ஊசி, ஊசிக்குப் பயந்துபோன குழந்தை.

அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைப் பல் பிரிவு தனியாக உண்டு. சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் உள்ளன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பட்டமேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த செலவில் செய்கிறார்கள். அங்கே கொடுக்க வேண்டியது நேரம்: காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கி, இரண்டு மூன்று முறை வர வேண்டியிருக்கும்.

## வீட்டுக்கு வந்தபின்

மரப்பு ஊசி போட்டிருந்தால் இரண்டு மணி நேரம் உதட்டைக் கவனியுங்கள். மரத்த உதட்டை மிட்டாய் மாதிரி மென்று புண்ணாக்கிக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. மறுநாள் வீங்கி வெள்ளையாக இருக்கும், அதைச் சீழ் என்று நினைத்துப் பயந்து வருவார்கள்.

ஃபுளோரைடு உள்ள பேஸ்டால், 1000 பி.பி.எம். அளவில், இரண்டு வேளை நீங்களே தேய்த்துவிடுங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. குழந்தைகளுக்கென்று விற்கும் சில பேஸ்டுகளில் ஃபுளோரைடே இல்லை. அட்டையைப் படித்து வாங்குங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதியில் இருந்தால் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கேப் போட்ட பல்லின் ஈறு ஓரத்திலும் பிரஷ் போக வேண்டும்.

ஜவ்வு மிட்டாயும் கமர்கட்டும் கேப்பைப் பிடுங்கிக்கொண்டு வரும். கழன்ற கேப்பைத் தூக்கிப் போடாதீர்கள், சிறு டப்பாவில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்துக்கொண்டு போங்கள். நெளியாமல் இருந்தால் அதையே திரும்ப ஒட்டலாம். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். கேப் காணாமல் போனபோதே இருமல், மூச்சிரைப்பு ஆரம்பித்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பத்து, பதினோரு வயதில் அடியிலிருந்து நிரந்தரப் பல் தள்ளும்போது, பால் பல் கேப்போடு சேர்ந்தே விழும். கேப்பைத் தனியாகக் கழற்ற வேண்டியதில்லை. பன்னிரண்டு வயது தாண்டியும் அது ஆடாமல் நின்றால், அல்லது புதுப்பல் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.